வாளி பாயின் லாட்ஜ் சண்டைகள்

காரைக்காலில் இருந்து பாண்டிச்சேரி வரைக்கும் உள்ள லாட்ஜ் மேனேஜர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு சங்கம் ஆரம்பித்திருந்தால், வாளி பாய்க்கு யாரும் ரூம் கொடுக்கக் கூடாது என்பதுதான் அந்தச் சங்கத்தின் முதல் தீர்மானமாக இருந்திருக்கும். லாட்ஜுக்காரர்களின் வயிற்றில் அவர் அளவுக்குப் புளியைக் கரைத்த மனிதர் இந்தக் கடற்கரையில் இன்னொருவர் பிறக்கவில்லை.

பிள்ளைகளா, நம் தெருமுனையில் சாயந்தரமானால் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, போகிற வருகிற ஆட்டோக்காரர்களை நிறுத்தி, "பஸ் ஸ்டாண்டுக்கு எவ்ளோ வாங்குற, ஏன் வாங்குற" என்று கணக்குக் கேட்டுக்கொண்டிருப்பாரே, அவரைத்தான் சொல்கிறேன். அவரைக் கண்டதும் நீங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது எனக்குத் தெரியும். சிரியுங்கள், தப்பில்லை. நானும் சிரித்தவன்தான். ஆனால் அவரும் உங்கள் பெரியப்பாவும் நானும் பாண்டிச்சேரியில் ஒரு லாட்ஜில் தங்கியிருந்த கதை உங்களுக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொண்டு சிரித்தால் அவருக்கும் மரியாதை, உங்களுக்கும் நல்லது. அதனால் எழுதுகிறேன்.

அவருக்கு அவருடைய வாப்பா வைத்த பெயர் ஒன்று உண்டு. ரேஷன் கார்டிலும் பாஸ்போர்ட்டிலும் இருக்கிறது. காரைக்காலை ஒட்டிய நம் பட்டினத்தில் அந்தப் பெயரைச் சொல்லி வீடு கேட்டால் ஒருத்தரும் காட்ட மாட்டார்கள். வாளி பாய் வீடு என்று கேட்டால் பால்காரரே சைக்கிளைத் திருப்பிக்கொண்டு கூட வருவார்.

சவுதியில் ஒரு பெரிய ஹோட்டலில் ரூம் சுத்தம் செய்து படுக்கை விரிக்கிற வேலையில் பல வருஷம் இருந்தவர் அவர். ஊருக்குத் திரும்பும்போது மற்றவர்கள் டி.வி., கம்பளி, சென்ட் பாட்டில் என்று கொண்டுவருவார்கள். இவர் மூடி போட்ட பெரிய பெயிண்ட் வாளி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே பேரீச்சம்பழம் இருந்தது. பழத்தைத் தெருவுக்கே பங்கு வைத்தார். வாளி மட்டும் அவரோடு தங்கிவிட்டது.

வெளியூர் போனால் அந்த வாளிதான் அவருக்குப் பெட்டி. அதற்குள் இரண்டு போர்வை, ஒரு தலையணை உறை, குண்டு பல்பு, பூட்டு, கொடிக்கயிறு, ஆணி, கொசுவத்தி, மொண்டு குளிக்கிற மக்கு எல்லாம் இருக்கும். "பாய், லாட்ஜுல இதெல்லாம் குடுப்பாங்களே" என்று கேட்டால், "குடுப்பான். காலையில பில்லுல எழுதுவான்" என்பார். லாட்ஜில் வெந்நீர் வாளிக்கு இவ்வளவு என்று விற்பார்கள். அவர்கள் கொடுக்கிற வாளி குழந்தையைக் குளிப்பாட்டுகிற அளவுக்கு இருக்கும். பாய் தன் பெயிண்ட் வாளியைக் கவிழ்த்துச் சாமான்களைக் கட்டிலில் கொட்டிவிட்டு, அதைத் தூக்கிக்கொண்டு போய் நீட்டுவார்.

"என்ன பாய் இது, இம்மாம் பெருசா இருக்கு?"

"வாளிக்கு இவ்ளோன்னு போர்டுல போட்டிருக்க. எந்த வாளின்னு போட்டியா?"

ரூம் பார்க்கிற விஷயத்திலும் அவர் வழி தனி. நாமெல்லாம் நேராக மேனேஜரிடம் போய் வாடகை கேட்போம். அவர் யாரிடமும் பேசாமல் மொட்டை மாடிக்கு ஏறிவிடுவார். தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் தூக்கிப் பார்ப்பார். கொடியில் காய்கிற விரிப்பை மோந்து பார்ப்பார். பிறகுதான் கீழே வருவார். அந்த வாசனையிலேயே அவருக்கு லாட்ஜின் ஜாதகம் தெரிந்துவிடும். "சோப்புத்தூளு போடல. வெயில்ல காயவச்சு மடிச்சிருக்கான்" என்று மேனேஜரின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, அதற்கப்புறம் வாடகை பேச ஆரம்பிப்பார்.

ஒருமுறை அவரிடம் கேட்டேன், அந்தப் பெரிய ஹோட்டலில் படுக்கை எப்படி இருக்கும் என்று. "நான் விரிச்சதோட சரி தம்பி. எத்தனையோ ஆயிரம் படுக்கை விரிச்சேன். ஒண்ணுலயும் உக்காந்தது கூட கிடையாது" என்றார். அதைச் சொல்லும்போது அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது உங்கள் பெரியப்பா கதைக்கு வருகிறேன்.

என் அண்ணன் செல்வராசு, உங்கள் பெரியப்பா, காரைக்கால் நாகப்பட்டினம் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். "நாகூரு நாகப்பட்ணம், நாகூரு நாகப்பட்ணம், ஏறு ஏறு ஏறு" என்று அவர் காரைக்கால் பஸ் ஸ்டாண்டில் கூப்பிட்டால், நம் பட்டினத்தில் இருக்கிற ஆள் சட்டையை மாட்டுவான் என்று சொல்வார்கள். அந்தக் குரலில்தான் நோய் வந்தது. தொண்டையில் கட்டி. முதலில் கம்மியது. பிறகு காற்று மட்டும் வந்தது. நாகப்பட்டினத்தில் பார்த்தவர்கள் பாண்டிக்குப் போகச் சொல்லிவிட்டார்கள்.

நம் ஊர்க்காரர்களுக்குப் பாண்டி என்பது பெரிய அலுவலகம் மாதிரி. ஒரு கையெழுத்து வேண்டும் என்றாலும் அங்கே, ஒரு பெரிய வைத்தியம் என்றாலும் அங்கே. நடுவில் தமிழ்நாட்டுக்குள் புகுந்து, சீர்காழி, சிதம்பரம், கடலூர் எல்லாம் தாண்டி, மறுபடியும் நம் அரசாங்கத்துக்குள் போக வேண்டும். போனால் அன்றைக்கே வேலை முடியாது. அதனால்தான் நம் பக்கத்தில் பாண்டி லாட்ஜில் ஏமாறாத குடும்பம் ஒன்றுகூடக் கிடையாது.

அண்ணனுக்குக் கரண்டு, அதாவது ரேடியேஷன், வைக்க வேண்டும் என்றார்கள். தினமும் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படுத்து, தொண்டைக்கு மெஷினில் வைத்துக்கொண்டு வர வேண்டும். வாரத்தில் ஐந்து நாள், ஒன்றரை மாதம். ஆஸ்பத்திரியில் படுக்கை தர மாட்டார்கள், வெளியே தங்கித்தான் வர வேண்டும். உங்கள் பெரியம்மா இரண்டு பெண்பிள்ளைகளையும் அவர்கள் பள்ளிக்கூடத்தையும் விட்டுவிட்டு வர முடியாது. நான் கிளம்பினேன். போனில் படம் பார்த்து ஒரு ரூமும் பதிந்தேன். படத்தில் வெள்ளை விரிப்பு, அதன்மேல் சிவப்புப் பூ, ஜன்னலில் கடல்.

விடிகாலையில் பஸ் ஸ்டாண்டுக்குப் போனால், பாய் வாளியோடு நிற்கிறார்.

"எங்க பாய் கிளம்பிட்டீங்க?"

"உங்களோடதான். நீ பைப்பு வேலைக்காரன். பைப்பப் பாத்தா பேசுவ. மனுசனப் பாத்தா நெளிவ. உன்ன அனுப்பிட்டு நான் எப்புடி நிம்மதியா தூங்குறது?"

அவர் வீட்டில் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். "போயிட்டு மெதுவா வாங்கன்னா" என்றார்.

பாண்டியில் இறங்கிப் போய்ப் பார்த்தால், படத்தில் இருந்த ரூமுக்கும் அங்கே இருந்த ரூமுக்கும் கதவு ஒன்றுதான் பொது. விரிப்பு வெள்ளையாக இருந்த காலம் ஒன்று இருந்திருக்கலாம். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர், கையை நீட்டினால் தொடலாம். வாசலில் 'ஹெரிடேஜ்' என்று போர்டு இருந்தது. பிரெஞ்சுக்காரன் கட்டியது என்றார்கள். அவன் போனதற்குப் பிறகு யாரும் சுண்ணாம்பு அடிக்கவில்லை என்பதும் தெரிந்தது.

"கடல் தெரியும்னு போட்டிருந்துச்சே" என்று மெல்லக் கேட்டேன்.

மேனேஜர் எங்களைப் பாத்ரூமுக்குள் கூட்டிக்கொண்டு போய், கம்மோடின் மேல் ஏறி நிற்கச் சொன்னார். வென்டிலேட்டர் வழியாகப் பார்த்தால், இரண்டு தண்ணீர்த் தொட்டிகளுக்கு நடுவில் நீலமாக ஒரு கோடு தெரிந்தது.

பாய் என்னைத் திரும்பிப் பார்த்தார். "தம்பி, நம்ம ஊட்டுலேருந்து கெழக்க நடந்தா கடலு. அத வுட்டுட்டு வந்து, பாண்டியில கக்கூஸ்ல ஏறி நின்னு கடலு பாக்குறதுக்கு அதிகக் காசு குடுத்திருக்க. உன்ன என்ன பண்றது சொல்லு."

அண்ணன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தோள் குலுங்கியது. வலி என்று நினைத்து ஓடினேன். சிரித்துக்கொண்டிருந்தார். ஊரை விட்டுக் கிளம்பியதிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு.

அந்த மேனேஜர் ஒரு அதிசயமான மனிதர். மெலிந்த உடம்பு, கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி. குரலை உயர்த்தவே மாட்டார். எதைக் கேட்டாலும், "மேற்படி சார்ஜ் தனி சார்" என்பார். அன்றைக்குச் சாயந்தரத்துக்குள் பாய் அவருக்கு மேற்படி என்று பெயர் வைத்துவிட்டார்.

ரூமில் ஏ.சி. இருந்தது. ரிமோட் இல்லை. ரிமோட்டுக்கு மேற்படி சார்ஜ் தனி. லிப்ட் ஓடவில்லை, ஆனால் அதன் பராமரிப்புக்கு மேற்படி சார்ஜ் உண்டு. மூன்றாவது ஆளுக்குக் கோரைப்பாய் கிடையாது, விரிப்பு கிடையாது, தலையணை கிடையாது, மேற்படி சார்ஜ் மட்டும் உண்டு. சனி ஞாயிறு வந்தால் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் காரில் கும்பல் கும்பலாக வருவார்கள், அதனால் வாடகை இரண்டு மடங்கு.

பாய் சண்டையை ஆரம்பித்தால் முதலில் குரல் தாழ்வாக இருக்கும், பரிவாகக்கூட இருக்கும்.

"ஏங்க, ஓடாத லிப்டுக்கு எதுக்குங்க காசு?"

"ஓட வைக்கிறதுக்குத்தான் சார். மெயின்டனன்ஸ்."

"எப்ப ஓடும்?"

"ஓடுனா அதுக்கு மேற்படி சார்ஜ் தனி சார்."

அங்கிருந்து குரல் ஏறும். சனி ஞாயிறு வாடகையைக் கேட்ட அன்றைக்கு லாட்ஜ் முழுவதும் வாசலுக்கு வந்துவிட்டது. "இவன் டூர் வந்தவனாய்யா? இவன் தொண்டையில இருக்கறது சனிக்கெழம லீவு எடுத்துக்குமா? எடுத்துக்கும்னு எழுதிக் குடு, ரெண்டு மடங்கு தர்றேன்." பெங்களூரில் இருந்து வந்து ரூமுக்குக் காத்திருந்த இளைஞர்கள் கைதட்டினார்கள். மேற்படி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, எங்களுக்குப் பழைய வாடகையே போட்டார். அந்த இளைஞர்களுக்கு ரெண்டு மடங்கைத் தாண்டியும் கொஞ்சம் சேர்த்துப் போட்டார் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

இன்னொரு நாள் பாத்ரூம் குழாய் உடைந்திருந்தது. நாங்கள்தான் உடைத்தோம் என்று பில்லில் எழுதிவிட்டார். பாய் என்னைக் கூப்பிட்டு, கடையில் புதுக்குழாய் வாங்கிவரச் சொல்லி மாட்ட வைத்தார். மறுநாள் மேற்படியின் மேஜைமேல் இவர் ஒரு பில்லை வைத்தார். குழாய், அதில் சுற்றிய நூல், பைப்பு வேலைக்காரர் கூலி, பைப்பு வேலைக்காரர் மூன்று மாடி ஏறிய கூலி, எங்கள் ரத்தத்தைக் கொடுத்து லாட்ஜ் கொசுக்களை வளர்த்த வகையில் ஒரு தொகை. கடைசி வரியில், 'மேற்படி சார்ஜ் தனி'. மேற்படி அதை முழுவதும் படித்தார். கூலியை மட்டும் கழித்துக்கொண்டார். கொசு விஷயத்தை முதலாளியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார்.

கரண்டு வைத்துவிட்டு வரும்போது அண்ணனுக்கு நடக்கக்கூடத் தெம்பு இருக்காது. தொண்டை வெந்திருக்கும். கஞ்சித் தண்ணீரை ஸ்பூனில் விட்டால் பாதி வெளியே வரும். இருந்தாலும் சாயந்தரம் ஆனால் கீழே போகலாம் என்று கை காட்டுவார். வரவேற்பறையில் ஒரு நாற்காலியில் அவரை உட்கார வைப்போம். பாய் பில்லை எடுத்துக்கொண்டு மேற்படியிடம் போவார். வாழ்நாளெல்லாம் சில்லறைக்காகப் பிரயாணிகளோடு மல்லுக்கட்டிய மனிதர் இல்லையா, அண்ணனுக்கு அந்தச் சண்டையின் ஒவ்வொரு அடியும் விளங்கும். நல்ல பாயிண்ட் வந்தால் கண்ணை மூடித் தலையாட்டுவார், பாட்டுக் கச்சேரி கேட்கிறவர் மாதிரி. ரூமுக்குத் திரும்பியதும் என் காதில் சொல்வார், "இன்னிக்கு பாய் கொஞ்சம் சீக்கிரம் விட்டுக்குடுத்துட்டாரு."

பாய்க்கும் அது தெரிந்திருந்தது. சண்டை போட ஒன்றும் இல்லாத நாளில் அவரே எதையாவது கண்டுபிடிப்பார். ஒருநாள் காலண்டரில் தேதி கிழிக்கவில்லை என்று சண்டை போட்டார்.

ஒன்றரை மாதம் முடியவில்லை. ஒருநாள் காலையில் டாக்டர் என்னையும் பாயையும் மட்டும் உள்ளே கூப்பிட்டார். நல்ல மனிதர், இளவயது. உட்காரச் சொன்னார். அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, அதுவரை ஒருநாளும் உட்காரச் சொன்னதில்லை.

"இனிமே கரண்டு வைக்க வேணாங்க. உடம்பு தாங்காது. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. எல்லாரும் பக்கத்துல இருக்கட்டும்" என்றார்.

வெளியே வந்தோம். வராந்தாவில் சுவரோரமாக நின்றேன். அங்கே வேலை பார்க்கிற ஒரு அம்மா, எங்களைத் தினமும் பார்க்கிறவர், அருகில் வந்து, "காரைக்கால்தானே நீங்க? இன்னிக்கே கிளம்பிடுங்க. இங்க ஒண்ணு ஆயிட்டா, தமிழ்நாட்டத் தாண்டிக் கொண்டுபோறதுக்கு பேப்பரு, ஸ்டாம்புன்னு ரெண்டு நாளு அலைய விட்டுடுவாங்க" என்றார். அது எங்களுக்குப் புதிது இல்லை. நம் ஊரில் பாண்டிக்கு வைத்தியத்துக்குப் போகிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் அது தெரியும். மூச்சு இருக்கும்போதே காரைக்கால் எல்லையில் இருக்கிற பூவம் செக்போஸ்ட்டைத் தாண்டிவிட வேண்டும்.

பாய் என் கையைப் பிடித்துக்கொண்டார். "செல்வராசுகிட்ட சொல்லாத. தெரிஞ்சா கொள்ளிடத்துக்கு இந்தப் பக்கமே பயத்துல போயிடுவான். புள்ளைவ மூஞ்சியப் பாக்கணும் அவன். ரெஸ்டுன்னு சொல்லு. ஒரு மாசம் ரெஸ்ட்டு, அப்புறம் செக்கப்புன்னு சொல்லு."

அப்படியே சொன்னேன். அண்ணன் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார்.

வேன் வந்தது. பின்பக்கம் சீட்டை எடுத்துவிட்டுப் போர்வையை மடித்துப் போட்டு அண்ணனைப் படுக்க வைத்தோம். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். வேன் லாட்ஜ் வாசலை ஒட்டி நின்றது, கதவு திறந்திருந்தது. உள்ளே பேசுவது கேட்கும். பாய் பில் கட்டப் போனார்.

மேற்படி அன்றைக்குப் பெரிய பில் போட்டு வைத்திருந்தார். ரூம் வாடகை போக, மெத்தைக்கும் தலையணைக்கும் முழு விலை. நோயாளி படுத்தது, வாயிலிருந்து வடிந்த கறை போகாது, இன்னொருத்தருக்கு விரிக்க முடியாது என்று காரணம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தலையணையை ஆதாரமாக மேஜைமேல் எடுத்து வைத்து, பாயின் முதல் வார்த்தைக்காகத் தயாராக நின்றாராம். பாய்தான் பிறகு சொன்னார்.

பாய் பில்லைப் பார்த்தார். பையில் கையை விட்டார். எண்ணி வைத்தார். பில்லை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, வேனின் முன் சீட்டுக் கதவைத் திறந்தார். ஒரு வார்த்தை இல்லை.

அண்ணன் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். குனிந்தேன்.

"என்னடா, பாய் சத்தத்தையே காணும்?"

"பில்லு கட்டிட்டாருண்ணே."

"எல்லாத்துக்குமா?"

"ம்."

"மேற்படி ஒண்ணும் அதிகமா போடலியா?"

எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. "மெத்தைக்கும் தலகாணிக்கும் போட்டிருந்தான்."

அண்ணன் என் சட்டையை விட்டார். வேனின் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெறும் காற்றாக வந்தது குரல். "அதக் கூட சண்ட போடாம கட்டிட்டாரா. அப்ப டாக்டரு என்னமோ சொல்லியிருக்காரு. எனக்குத்தாண்டா சொல்லல." அவருடைய கை என் முழங்காலில் இருந்தது. அது இறுகியது. மூச்சு இழுத்து இழுத்து வந்தது.

பாய் முன் சீட்டில் ஒரு காலை வைத்தபடி நின்றார். அவருக்குக் கேட்டுவிட்டது. காலைக் கீழே எடுத்தார். வாளியைச் சீட்டில் வைத்தார். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு திரும்ப லாட்ஜுக்குள் போனார்.

"யோவ் மேற்படி."

தெருவே திரும்பியது.

"நானும் போவட்டும் போவட்டும்னு பாக்குறேன். தலகாணிக்கு முழு வெலையா போட்டிருக்க? இது தலகாணியா? இதுக்குள்ள இருக்கறது பஞ்சா, பிரெஞ்சுக்காரன் மயிரா? இதுல தலைய வச்சதுக்கு நீ காசு குடுக்கணும்யா எங்களுக்கு."

அண்ணனுடைய கைப்பிடி தளர்ந்தது. காதைத் திருப்பினார்.

நான் வேனிலிருந்து இறங்கி லாட்ஜ் வாசலில் போய் நின்றேன். பாயைத் தடுக்கலாம் என்றுதான் போனேன், நேரம் போகிறதே என்று பயம். உள்ளே பார்த்தேன். பாய் கத்திக்கொண்டிருந்தார். தாடியெல்லாம் கண்ணீர். கத்தக் கத்த வழிந்துகொண்டிருந்தது, துடைக்கவும் இல்லை. மேற்படி அவர் முகத்தையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் திறந்திருக்கிற வேனைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

பிள்ளைகளா, அத்தனை நாளில் ஒருமுறைகூடக் குரல் உயராத அந்த மனிதர் கத்தினார்.

"குடுக்க முடியாதுய்யா. மெத்தை எங்க சொத்து. கட்டுன காசு கட்டுனதுதான். போய்யா."

"காசு கட்டிட்டேன்ல? அப்ப மெத்தை எனக்குத்தான் சொந்தம். எடுத்துட்டுப் போவேன்."

"எடுப்பியா? எடுத்துடுவியா? எடு பாப்போம்."

இரண்டு பேரும் மாடிக்கு ஓடினார்கள். கொஞ்ச நேரத்தில் படியில் மெத்தை இறங்கி வந்தது. ஒரு முனையில் பாய், மறுமுனையில் மேற்படி. "விட மாட்டேன்" என்று கத்திக்கொண்டே மேற்படி மெத்தையைச் சுவரில் இடிக்காமல் திருப்பினார். "பாத்துடுவோம்யா" என்று கத்திக்கொண்டே பாய் வாசல்படியில் கால் வைத்தார். இழுபறி மாதிரிதான் இருந்தது. ஆனால் மெத்தை ஒரே பக்கமாக, வேனை நோக்கியே வந்தது. நான் அண்ணனைத் தூக்கிக்கொள்ள, அவர்கள் இருவரும் மெத்தையை உள்ளே விரித்தார்கள். தலையணையை மேற்படிதான் வைத்தார். பழைய தலையணை இல்லை அது. புது உறை போட்டது.

கதவைச் சாத்துமுன் மேற்படி அண்ணனுக்குக் கேட்கிற மாதிரி மிரட்டினார். "அடுத்த மாசம் செக்கப்புக்கு வருவீங்கல்ல? அப்ப ரூமு கேட்டு என்கிட்ட வந்து நிப்பீங்கல்ல? வாங்க, வச்சுக்கறேன்."

வேன் கிளம்பியபோது திரும்பிப் பார்த்தேன். மேற்படி தெருவில் அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

பாண்டி எல்லையைத் தாண்டினால் தமிழ்நாட்டுப் போலீஸ், பாட்டில் கடத்துகிறார்களா என்று வண்டியைப் பார்ப்பார்கள். எங்கள் வேனையும் நிறுத்தினார்கள். கதவைத் திறந்த போலீஸ்காரர், "என்ன, மெத்தையோட போறீங்க?" என்றார்.

பாய் பில்லை எடுத்து நீட்டினார். "லாட்ஜுல மெத்தைக்கும் சேத்து பில்லு போட்டுட்டான் சார். காசு குடுத்துட்டு ஏன் வுட்டுட்டு வரணும், எடுத்தாந்துட்டோம்."

போலீஸ்காரர் பில்லைப் படித்தார். அண்ணனுடைய முகத்தைப் பார்த்தார். "சரியான ஆளுதான் நீங்க. போங்க, போங்க" என்று அவரே கதவை மெதுவாகச் சாத்தினார். அண்ணனின் தோள் குலுங்கியது.

சிதம்பரம் தாண்டியதும் பாய் முன் சீட்டில் தூங்கிவிட்டார். அண்ணன் என்னைக் குனியச் சொன்னார். "பாய் இன்னிக்கு நல்லா பேசுனாரு. ஆனா தலகாணிக்கு அப்புறம் குரல் ஒடைஞ்சுடுச்சு. நான் குரலை வச்சுப் பொழச்சவன்டா. எனக்குத் தெரியாதா?" என்றார். என் கையைத் தட்டிக்கொடுத்தார். மூச்சு சீராகத்தான் வந்தது.

கொள்ளிடம் பாலத்தில் பாய் விழித்துக்கொண்டு பின்னால் திரும்பிப் பார்த்தார். அண்ணன் அவரைப் பார்த்து உதட்டை அசைத்தார். கேட்கவில்லை. நான்தான் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

"அடுத்த மாசம் வேற லாட்ஜு பாருங்கங்கறாரு பாய்."

"பாத்துட்டாப் போச்சு செல்வராசு. இதவிட மோசமானதா பாக்கறேன்" என்றார் பாய். முன்பக்கம் திரும்பிக்கொண்டார். வீடு வந்து சேருகிற வரைக்கும் அவர் திரும்பவில்லை.

உங்கள் பெரியப்பா தன் வீட்டு வாசலில், தன் கண்ணால் பெரியம்மாவையும் அக்காமார் இரண்டு பேரையும் பார்த்தார். அந்த மெத்தையில்தான் கூடத்தில் படுக்க வைத்தோம். பக்கத்தில் உட்கார்ந்த பெரியம்மாவிடம், காற்றுக் குரலில், லாட்ஜ் சண்டைகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். கம்மோடில் ஏறிக் கடல் பார்த்ததைச் சொன்னபோது பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததை நான் பார்த்தேன். அந்த வாரத்தை அவர் தாண்டவில்லை.

ஐஸ் பெட்டி வரவழைத்தோம். அண்ணனை அதில் வைத்தோம். கூடத்தில் பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். நான் அண்ணனின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். அப்போது வாசலில் ஒரு குரல் கேட்டது.

"பொட்டிக்கு வாடகன்ன, சரி. எறக்குக் கூலின்ன, சரி. வயருக்குத் தனியா எதுக்குய்யா காசு? வயரு இல்லாம பொட்டி எப்புடிய்யா குளுரும்?"

உறவுக்காரர் ஒருவர் எழுந்து, "என்ன இது, எழவு வூட்டுல வந்து. அந்த பாய யாராவது கூட்டிட்டுப் போங்கப்பா" என்றார். இரண்டு மூன்று பேர் கிளம்பினார்கள்.

பெரியம்மா தலையைத் தூக்கினார். அழுது அழுது அவருக்கும் குரல் இல்லை.

"யாரும் அவரத் தடுக்காதீங்க" என்றார், ஐஸ் பெட்டியின் மேல் கையை வைத்தபடி. "சண்ட போடட்டும். அவங்களுக்கு அது ரொம்பப் புடிக்கும்."

நான் எழுந்து வெளியே போனேன். எனக்குச் சண்டை போடத் தெரியாது, உங்களுக்கே தெரியும். பாயின் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, "அதானே, வயரு இல்லாம பொட்டி எப்புடி குளுரும்" என்று, உள்ளே கூடம் வரைக்கும் கேட்கிற மாதிரி கேட்டேன்.